ஓலையில் ஒரு கரெக்ஷன்

சவரிமுத்து உபதேசியாரின் கண்களில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. கோளாறு செய்தவன் நான். செய்துவிட்டு, அதைக் கொண்டுபோய் அவர் கண்ணில் வைத்தவனும் நானே!

சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றது, இரண்டு வரியில் இறங்கிவிட்டது. ஆனால் பாருங்கள், இறங்கியது பாரம் அல்ல, வெறும் வார்த்தைதான் போலிருக்கிறது. பாரம் அங்கேயேதான் இருக்கிறது.

நீங்கள் என்னைத் தெருவில் பார்த்தால் இப்படி ஒரு காரியம் செய்தவன் என்று நினைக்கமாட்டீர்கள். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். என் பிழைப்பு முழுவதும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடங்கும். கரெக்ஷன்.

யாராவது வேண்டாத விருந்தாளி வீட்டுக்கு வந்தால் என் மனைவி ஜெசிந்தா வாசலிலேயே நிறுத்தி, "சார் கரெக்ஷன்ல இருக்காரு" என்பாள். நான் கட்டிலில் இருப்பேன். ஆனாலும் வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, செருப்பைக் கூடச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போவார். அப்படி ஒரு மரியாதை அந்தச் சொல்லுக்கு!

எங்கள் ஊரில் அது செய்யாத வேலை இல்லை. தையல்காரர் சட்டையின் ஒரு கையை நீளமாக வைத்துவிட்டு, "சின்னக் கரெக்ஷன்தான் சார்" என்பார். மறுவாரம் போனால் இரண்டு கையும் குட்டையாக இருக்கும். குடும்ப அட்டையில் ஜெசிந்தாவின் வயது எண்பத்திரண்டு என்று வந்தது. கரெக்ஷனுக்குக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது அவள் வயது சரியாக இருந்தது, நான் பெண்ணாகியிருந்தேன். மறுபடி கரெக்ஷனுக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. அடுத்து என்ன ஆவேனோ! அலுவலகத்தில் நகராத காகிதத்தை ஒருவர் நகர்த்திவிட்டால், "ஆளைக் கரெக்ட் பண்ணிட்டாரு" என்பார்கள். வீட்டில் சம்மதிக்காத பெண்ணின் அப்பாவை ஒருவன் சம்மதிக்க வைத்தாலும் அதே சொல்தான்.

பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பெரிய அகராதி உண்டு. அதில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் பிழை திருத்துதல். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், தண்டனை என்று இன்னொரு பொருள். இரண்டும் எப்படி ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். "அது வெள்ளைக்காரன் பாடு, உக்காருலே" என்று உட்கார வைத்தேன். இன்று அவன் கேட்டால் விளக்கமாகச் சொல்வேன். பிழையைத் திருத்தியவன் நான். தண்டனை வேறு ஒருவருக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்... வராமல் சுற்றிக்கொண்டிருப்பதும் ஒரு தந்திரம்தான், உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் கத்தோலிக்கக் கோயில் வழக்கத்தில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று மைக்கில் படிப்பார்கள். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. பெயர் மைக்கில் வந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

அதை வாசிப்பவர் சவரிமுத்து உபதேசியார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது எல்லாம் அவர் வேலைதான். ஆனாலும் அவர் உயிர் இருந்தது ஓலையில். இருபது வருடமாக வாசித்தவர். வெள்ளை ஜிப்பாவும் வேட்டியுமாக மைக் முன்னால் வந்து நிற்பார். தாளைக் கை நீட்டித் தூரப் பிடிப்பார். அது பார்வைக் குறைவால் அல்ல, அவருடைய தோரணை அது. பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே பெயர்ப் பலகையைப் படித்து ஊருக்குச் சொல்லக்கூடிய கண். குரலோ... கறுத்த மாப்பிள்ளையும் அவர் குரலில் சிவந்து போவான். "உபதேசியார் வாயால பேரு வரணும்" என்று மற்றப் பங்குக் கோயில்களில் இருந்தெல்லாம் வந்து ஆசைப்படுவார்கள்.

ஓலையைத் தட்டச்சு செய்து கொடுப்பவன் நான். ஊதியமில்லாத தொண்டு. பங்கு அலுவலகத்தில் ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் போய் அடித்து வைத்துவிட்டு வருவேன். தொண்டு என்றேன் அல்லவா, அதில் ஒரு சோம்பேறித்தனமும் கலந்திருந்தது.

ஒரு ஓலைக்கும் இன்னொரு ஓலைக்கும் பெயர்கள்தானே மாறும்? மற்ற எட்டு வரியும் அதே கனத்த தமிழ். ஒவ்வொரு முறையும் எதற்கு அடிப்பது? அப்போதுதான் ஒயிட்னர் என்ற வெள்ளை மை கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. குட்டி பாட்டில், மூடியிலேயே தூரிகை. பழைய தாளில் பெயர்களின் மேல் பூசி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் புதுப் பெயரை அடித்தால் முடிந்தது வேலை. ஒரே தாளில் ஆறு கல்யாணம் நடத்தியிருக்கிறேன்! தாள் கனத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். மடித்தால் உதிரும். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பழைய மாப்பிள்ளைகள் எல்லாம் மங்கலாகத் தெரிவார்கள்.

"என்ன சார், தாளு அப்பளம் மாதிரி இருக்கு" என்று உபதேசியார் ஒருமுறை கேட்டார்.

"நொறுக்கிராம வாசிங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சனிக்கிழமை என் கையில் இருந்தது ஸ்டெல்லாவின் தாள். இரும்புக்கடை அந்தோணிசாமியின் மகள். மாப்பிள்ளை ஒட்டன்சத்திரத்துப் பீட்டர். அவர்களுக்கு முந்தைய ஞாயிறே மூன்றாம் ஓலை முடிந்துவிட்டது. வருகிற புதன்கிழமை கல்யாணம். ஆக அந்தத் தாளின் வேலை முடிந்தது. அடுத்த ஜோடி எங்கள் பங்கு ஆரோக்கியராஜும் பாலசமுத்திரத்துப் பிலோமினாவும். அவர்களுக்கு முதல் ஓலை.

பீட்டரைப் பூசி மறைத்தேன். பீட்டரின் அப்பாவை, அம்மாவை, ஒட்டன்சத்திரத்தை எல்லாம் மறைத்தேன். மணமகள் வரிக்கு வரும்போது பாட்டில் வறண்டுவிட்டது. புதுப் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனேன். போகிற வழியில் ஒரு டிவி கடை. கண்ணாடிக்குப் பின்னால் கிரிக்கெட். வாசலில் முப்பது பேர். எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றவன், கடைசி விக்கெட் விழும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது மனது முழுக்க அந்த ஆட்டம்தான். வெள்ளை காய்ந்த இடத்தில் ஆரோக்கியராஜையும் அவன் பெற்றோரையும் அடித்தேன். தாள் நிறைந்திருந்தது. கோப்பில் வைத்துவிட்டு, வாங்கிய பாட்டிலை இழுப்பறையில் போட்டுவிட்டு, விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மணமகள் வரியில் யார் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை!

மறுநாள் முதல் பூசை. உபதேசியார் கை நீட்டித் தாளைப் பிடித்தார். இந்தப் பங்கைச் சேர்ந்த ஆரோக்கியராஜ் என்ற மணமகனுக்கும்... ஒரு கணம் நின்றார். நான் கவனித்தேன், நின்றார். பிறகு அதே கம்பீரத்தோடு, இந்தப் பங்கைச் சேர்ந்த அந்தோணிசாமியின் மகள் ஸ்டெல்லா என்ற மணமகளுக்கும், என்று முடித்தார்.

கோயிலில் அப்படி ஓர் அமைதியை நான் பெரிய வெள்ளிக்கிழமையில்கூடக் கேட்டதில்லை.

பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தோணிசாமி எழுந்து நின்றார், ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். ஆரோக்கியராஜ் மட்டும் செத்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தான் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். இதில் கொடுமை என்னவென்றால், பீட்டரின் தாய்மாமன் அன்று கோயிலில் இருந்தார். கல்யாண வேலையாகத் திண்டுக்கல் வந்தவர், ஞாயிற்றுக்கிழமையாச்சே என்று பூசைக்கும் வந்திருக்கிறார். காய்கறி மண்டிக்காரர். நிதானமான மனிதர். பூசை முடிந்ததும் நேராகப் பங்குச் சாமியாரிடம் போனார்.

"ஏனுங்க சாமி, போன வாரம் வரைக்கும் எங்க பையன் பேருதானுங்களே இருந்துச்சு. இப்ப வேற பேரு வருதுங்க. புதன்கிழமை நாங்க வர்றதுங்களா, வேண்டாமுங்களா?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'ங்க' ஒவ்வொன்றும் ஆணி மாதிரி இறங்கியது. அந்தோணிசாமியின் முகத்தில் இரத்தமே இல்லை. சாமியார் கைகூப்பாத குறை. வாசிப்பில் பிழை, இரண்டாவது பூசையில் சரிசெய்து அறிவிக்கிறேன், செத்த இருங்கள் என்று இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்தார்.

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள்.

பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் இருந்தேன். எல்லாரும் வாசலில் கூடியிருக்க, கோப்பிலிருந்து தாளை உருவினேன். இரண்டடி தள்ளிப் பங்கு அலுவலகம். இழுப்பறையில் புது பாட்டில். ஸ்டெல்லாவின் மேல் பூசினேன். அந்தோணிசாமியின் மேல் பூசினேன். ஊதினேன், என் ஆயுளில் அப்படி ஊதியதில்லை, தலை சுற்றியது. அரைகுறையாகக் காய்ந்த வெள்ளையின் மேல் பாலசமுத்திரத்தையும் பிலோமினாவையும் அடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த இயந்திரம் போட்ட சத்தம் மண்டிக்காரர் காதுவரை கேட்கும் என்று தோன்றியது. தாளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிடம் ஆகியிருக்குமா? என் வாழ்க்கையில் நான் செய்த மிக விரைவான கரெக்ஷன்!

ஏன் செய்தேன்? தாளைத் திருத்தினால் தவறு திருந்திவிடும் என்று உண்மையிலேயே நினைத்தேனா? அந்த நிமிடத்தில் உபதேசியார் என்ற ஒரு மனிதர் இருப்பதே என் நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை... ஆனால் அடுத்த நிமிடம் அவர் உள்ளே வந்தாரே! அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே!

சாமியாரும் அவரும் ஒன்றாக வந்தார்கள். சாமியார் தாளை எடுத்தார். படித்தார்.

"இதுல சரியாத்தானய்யா இருக்கு. நீரு என்ன வாசிச்சீரு?"

"இருந்ததத்தான் வாசிச்சேன் சாமி. எனக்கே வாசிக்கும்போது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா சார் அடிச்சதாச்சே, தப்பு இருக்காதுன்னு வாசிச்சுட்டேன்."

என்ன சொன்னார் பார்த்தீர்களா? இருபது வருட அறிவு சொன்னதை ஒதுக்கிவிட்டு, நான் அடித்ததை நம்பியிருக்கிறார்.

சாமியார் தாளை அவர் கையில் கொடுத்தார். உபதேசியார் வாங்கினார். வழக்கம்போல நீட்டிப் பிடித்தார். பிறகு பக்கத்தில் கொண்டுவந்தார். மறுபடி நீட்டினார். பிலோமினா, பிலோமினா என்று உதடு அசைந்தது.

என் கட்டைவிரலில் வெள்ளை ஒட்டியிருந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பயங்கரம், சாமியாரின் விரலிலும் ஒட்டிவிட்டது. தாள் இன்னும் காயவில்லை! விரலைப் பார்த்தார். என்ன இது என்கிற மாதிரி பார்த்தார். நான் முடிந்தேன் என்று நினைத்தேன். அவர் விரலைத் தன் அங்கியில் துடைத்தார். வெள்ளை அங்கி. வெள்ளையில் வெள்ளை போய்விட்டது. என் பாவமும் அதோடு கண்ணில் படாமல் போய்விட்டது.

"அப்ப நாந்தான் சாமி" என்றார் உபதேசியார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாவது பூசையில் சாமியாரே மைக்கில் வந்து, உபதேசியாரின் பார்வைக் குறைவால் முதல் பூசையில் ஓலை தவறாக வாசிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். உபதேசியார் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். மண்டிக்காரர் தலையாட்டினார். அந்தோணிசாமிக்கு உயிர் வந்தது. புதன்கிழமை கல்யாணம் நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன். அவியல் நன்றாக இருந்தது. இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அன்று அறிவித்த கையோடு சாமியார் என் பக்கம் திரும்பி, "சார், நீங்களே வந்து வாசிங்க" என்றார். போனேன். வாசித்தேன். இங்கேதான் நீங்கள் என்னைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இதுவரை செய்ததைப் பயத்தில் செய்தான் என்று நீங்கள் விட்டுவிடலாம். ஆனால் மைக் முன்னால் நின்று, என் குரல் கோயில் முழுக்கப் போய்த் திரும்பி வந்ததைக் கேட்டபோது... எனக்குப் பிடித்திருந்தது! அதற்குப் பின் வந்த ஞாயிறெல்லாம் நான்தான் வாசித்தேன். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் உபதேசியார் நின்றார். இடைவேளை மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றிருக்கிறார்.

"மன்னிச்சுக்கங்க சார். என்னால உங்க பேருல்ல கெட்டுப்போகப் பாத்துச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல உபதேசியாரே" என்றேன். நான் அவரை மன்னித்தேன்! பெருந்தன்மையாக, தோளில் தட்டி!

பிறகு அவரைக் கண் சிகிச்சை முகாமுக்கு அனுப்பினார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இந்த வயதுக்கு இது தங்கமான கண் என்று சொல்லியனுப்பினார். சாமியார் நம்பவில்லை. முகாமில் கூட்டம் அதிகம், அவசரத்தில் பார்த்திருப்பார்கள் என்று கண்ணாடிக் கடைக்கு அனுப்பினார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப எந்தக் கடைக்காரருக்கு மனது வரும்? "லேசா ஒரு கரெக்ஷன் போட்டுருக்கேன் பெரியவரே" என்று ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு உபதேசியார் கோயில் படியில், ஓடையில் இறங்குகிறவர் மாதிரி, காலால் துழாவித் துழாவி இறங்கினார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கவும் செய்தேன்... வீட்டில் ஜெசிந்தா கால்சட்டையில் துவைத்தும் போகாத வெள்ளையைச் சுரண்டியபடி, "இது என்னங்க" என்று கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. பேப்பர் கரெக்ஷன் என்றேன். சிவப்புப் பேனாவில் திருத்துகிறவனுக்கு வெள்ளைக் கறை எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை இன்றுவரை ஒரு கேள்வியாகவே வைத்திருக்கிறேன்.

உபதேசியார் அதன்பின் எதையும் பொதுவில் வாசிக்கவில்லை. செபமெல்லாம் மனப்பாடம், அதனால் வேலை ஓடியது. ஆனால் யாராவது ஒரு தாளைக் கையில் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவார். சாவு வீட்டில் இறந்தவர் பெயரைக்கூட இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டுதான் செபத்தில் சேர்ப்பார்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. வருடா வருடம் செய்தேன். "பொய் சொன்னேன் சாமி, மூணு தடவ" என்பேன். எந்தப் பொய் என்று சாமியாரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். பாவத்தின் மேலேயே வெள்ளை பூசிக் காட்டியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருடங்கள் ஓடின. அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அதில் பிழையை அழித்தால் தடமே இருப்பதில்லை. என் மாதிரி ஆட்களுக்கென்றே கண்டுபிடித்தது! பழைய சாமியார் மாற்றலாகிப் போய், இளவயதுச் சாமியார் ஒருவர் வந்தார். உபதேசியாரும் ஓய்வுபெற்று மேட்டுப்பட்டியில் வீட்டோடு இருந்தார். எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. வெளியூர்ச் சாமியார் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். என் குரல் தெரியாதவர். அவரிடம் முழுக்கச் சொன்னேன், டிவி கடை முதல் கட்டைவிரல் வரை. நாலு அருள் நிறை மரியே சொல்லச் சொல்வார், அதிகம் போனால் ஒரு செபமாலை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"அந்த மனுசர் உயிரோட இருக்காரா?" என்றார்.

"இருக்காரு சாமி."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீக? அவருகிட்டப் போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க."

நாலு மாதம் கழித்துப் போனேன். உபதேசியாரின் மனைவி ரோசம்மா வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே உட்காரவைத்து, காப்பி போடப் போனார். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான் தலையைத் தூக்காமல் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

அவர் சிரித்தார்.

"ரோசம்மா, இங்க வா. சாரு சொல்றதக் கேளு. நான் மனசு ஒடைஞ்சு கெடக்கேன்னு, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட வந்திருக்காரு."

"இல்ல உபதேசியாரே. நெசமாவே நாந்தான்."

"சும்மா இருங்க சார். சாமி கையில இருந்து வாங்கி நானே பாத்தேன். பிலோமினான்னு அச்சா இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்ததுல்ல."

ஐயா, அந்தக் கண்ணை நம்பாதீர்கள் என்று சொல்வதா? அந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லத்தானே போனேன்! வாதாடினேன். வாதாட வாதாட அவர் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோசம்மா காப்பியோடு அதிரசமும் கொண்டுவந்து வைத்தார்.

அதோடு விட்டாரா? ஊரெல்லாம் சொன்னார். தெருவில் என்னை நிறுத்தி, "உங்க மனசு யாருக்கு சார் வரும்" என்றார்கள். இளைய சாமியார் ஒரு பிரசங்கத்தில், பிறர் குற்றத்தைத் தன் தோளில் சுமக்கிற ஒருவர் நம் நடுவில் இருக்கிறார் என்று சொல்லி, பெயர் சொல்லாமல், என் பக்கமே பார்த்தார். எல்லாத் தலையும் திரும்பியது. நான் பணிவாகத் தலை குனிந்தேன். வேறு என்ன செய்ய? குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கே நல்ல பெயர் வாங்கியவனை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

வார்த்தையால் ஆகாததைக் காரியத்தால் செய்யலாம் என்று பார்த்தேன். அவருடைய கடைசி மகள் லில்லிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் ஓலையை நான் வாசிக்கமாட்டேன், அவள் அப்பாதான் வாசிக்க வேண்டும் என்று சாமியாரிடம் பிடிவாதம் பிடித்தேன். உபதேசியார் மறுத்தார். மூன்று முறை நடந்தேன். லில்லியே அழுது கேட்ட பிறகு சம்மதித்தார். "நீங்க பக்கத்துல நிக்கணும் சார்" என்றார். நிற்கிறேன் என்றேன்.

அந்த ஞாயிறு வந்தது. பழைய ஜிப்பாவைக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தார். கணினியில் அச்சடித்த தாள், பெரிய எழுத்து, ஒரு சொட்டு வெள்ளை இல்லை. மைக் முன்னால் நின்றார். முதல் வரியிலேயே அந்தக் குரல் எழுந்தது. கோயிலில் வயதானவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. அப்பாடா, திருத்திவிட்டேன் என்று நினைத்தேன்!

மாப்பிள்ளையின் பெயர் வந்தது. வாசித்தார். நின்றார். தாளை என் பக்கம் சாய்த்தார்.

"சரியா சார்?"

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. முன் வரிசையில் சிலர் புன்னகைத்தார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டியது அவருக்குப் போதவில்லை. என் வாயையே பார்த்தார்.

"சரி" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா பெயர். சரியா சார்? சரி. ஊர்ப் பெயர். சரியா சார்? சரி. ஒரு தப்பும் இல்லாமல், தேன் மாதிரி வாசித்தார், ஒவ்வொரு பெயருக்கும் என்னிடம் கேட்டார். புன்னகைத்தவர்கள் புன்னகையை நிறுத்திவிட்டார்கள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

மணமகள் வரி வந்தது. இந்தப் பங்கைச் சேர்ந்த சவரிமுத்து, என்று வாசித்தார்.

தன் பெயர். அறுபத்தெட்டு வருடமாக அவர் பெயர். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"சரியா சார்?"

மைக் பக்கம் குனிந்து, "சரி" என்றேன்.